எட்டு மாடிப் படத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்: மட்டக்குளிக் காணியில் வைத்தியசாலை கட்டுமுன்

கேள்வி இதுதான். மூன்று வைத்தியர்களும் இரண்டு வர்த்தகர்களும் சேர்ந்து கொழும்பு வடக்கில், மட்டக்குளியில் ஒன்றரை ஏக்கர் காணியில் 150 கட்டில் தனியார் வைத்தியசாலை ஒன்று கட்ட நினைக்கிறார்கள். தெரிந்த ஆர்கிடெக்ட் ஒருவர் எட்டு மாடிக்கு அழகான முப்பரிமாணப் படம் வரைந்து கொடுத்துவிட்டார். கடன் கேட்டுப் போன வங்கியோ ‘மாஸ்டர் பிளான் எங்கே’ என்கிறது. இந்தப் படம் போதாதா, போதாதென்றால் முதலில் எதில் கைவைப்பது?

போதாது. படம் வரைந்தவர்மேல் பிழை சொல்லவில்லை. அவரிடம் கேட்டது கட்டடம், அவர் கட்டடத்தைக் கொடுத்தார். வங்கி கேட்பது வேறு.

ஒரு வைத்தியசாலையில் பிற்பாடு மாற்றக்கூடியவை நிறைய உண்டு. சுவரைத் தள்ளலாம், கதவை மாற்றலாம், இன்று கண் கிளினிக் நடக்கும் அறையில் நாளை பல் வைத்தியரை இருத்தலாம். மாற்றவே முடியாதவையும் சில உண்டு: நிலத்தின் மட்டம், அம்புலன்ஸ் நுழையும் இடம், லிஃப்ட்டும் படிக்கட்டும் நிற்கும் இடம், தூண்களுக்கு இடையிலான தூரம், மாடியின் உயரம், கனமான இயந்திரங்கள் இருக்கும் இடம், நாளைக்குக் கட்டடம் வளரப்போகும் திசை. மாஸ்டர் பிளானின் வேலை இந்த இரண்டாவது வகையைச் சரியாகத் தீர்மானிப்பது, மற்றதையெல்லாம் முடிந்தவரை திறந்து வைப்பது. உங்கள் எட்டு மாடிப் படம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. கண்ணாடி முகப்பு எந்த நிறம் என்பது வரை முடிவாகிவிட்டது. ஜெனரேட்டர் எங்கே என்று தேடினால் கிடைக்கவில்லை.

முதலில் அந்த 150. இந்த எண் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குள்ளேயே கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கேட்க நன்றாக இருக்கிறது என்பதற்காகத்தான் வந்திருக்கும். கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 150 கட்டில், வருடம் முழுவதும் சராசரியாக 70 வீதம் நிரம்புகிறது, ஒருவர் சராசரியாக மூன்று நாள் தங்குகிறார் என்று வையுங்கள். 150ஐ 365ஆலும் 0.7ஆலும் பெருக்கி மூன்றால் வகுத்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 12,775 அனுமதிகள். அதாவது ஒவ்வொரு நாளும், போயா தினத்திலும் புத்தாண்டிலும்கூட, புதிதாக 35 பேர் வந்து படுக்கவேண்டும். சராசரித் தங்கல் இரண்டு நாளாகக் குறைந்தால் (இப்போது சத்திரசிகிச்சைகள் போகிற போக்கில் அது குறையத்தான் செய்யும்) அதே கட்டில்களை நிரப்ப நாளுக்கு 52 பேர் தேவை. இந்த 35 பேரோ 52 பேரோ யார், எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள், இப்போது எங்கே போகிறார்கள் என்று ஒரு பக்கம் எழுத முடிந்தால் மேலே போகலாம். முடியாவிட்டால் அந்த எண்ணை அழித்துவிடுங்கள்.

எழுதுவது சுலபம் இல்லை என்பதும் உண்மைதான். கொழும்பு வடக்கில் சனத்தொகை நெருக்கம். ஆனால் நெருக்கமாக இருப்பவர்கள் எல்லோரும் காசு கட்டி வார்டில் படுக்கப்போவதில்லை. ஆறேழு கிலோமீட்டரில் கொழும்பு தேசிய வைத்தியசாலை 1864 முதல் இருக்கிறது. அதன் அக்கம்பக்கத்திலேயே 1879இல் தொடங்கிய டி சொய்சா மகளிர் வைத்தியசாலையும், 1895இல் வந்த லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையும், கண் வைத்தியசாலையும் இருக்கின்றன. எல்லாம் இலவசம். பெரிய வருத்தம் என்றால் துறைமுகத்தில் வேலை செய்பவரும் மீன்பிடிக் குடும்பங்களும் அங்கேதான் போவார்கள், போகவும் வேண்டும். அவர்கள் உங்களிடம் வருவது இரத்தப் பரிசோதனைக்கு, ஸ்கேனுக்கு, ஒரு நாளில் முடிகிற சின்ன சத்திரசிகிச்சைக்கு, இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தால் உடனே ஒரு டொக்டரைப் பார்க்க. செட்டியார் தெரு நகைக்கடைக்காரர்களும் கொட்டாஞ்சேனை வியாபாரிகளும் காப்புறுதி உள்ள கம்பனி ஊழியர்களும் தங்கிச் சிகிச்சை பெறக்கூடியவர்கள். ஆனால் இன்று அவர்கள் கொள்ளுப்பிட்டிக்கும் நாரஹேன்பிட்டிக்கும் போய்ப் பழகியவர்கள். அவர்களைத் திருப்பிக் கொண்டுவர வருடங்கள் பிடிக்கும்.

இன்னொரு எண் உங்களுக்குச் சாதகமானது. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் 2012 குடிசன மதிப்பீட்டில் நாட்டின் சனத்தொகையில் 7.9 வீதம், 2024இல் 12.6 வீதம். சீனி வருத்தம், பிரஷர், சிறுநீரகம், மூட்டு, கண் என்று திரும்பத் திரும்ப வரும் நோயாளிகள் இவர்கள். இவர்களுக்குக் கட்டிலைவிட கிளினிக்கும் டயலிசிஸும் பிசியோதெரபியும் கூடுதலாகத் தேவை. மட்டக்குளிக்கு நான் கணக்குப் போட்டால் 60 கட்டிலோடு தொடங்கி, வெளிநோயாளர் பிரிவையும் பரிசோதனைப் பகுதியையும் 150 கட்டிலுக்குரிய அளவில் கட்டுவேன். 60 கட்டிலுக்கு நாளுக்கு 14 அனுமதி போதும். அது நடக்கக்கூடிய எண்.

அடுத்தது கொழும்புக்கே உரிய ஒரு விஷயம். வெளிநாட்டுக் கையேடுகளில் இது கிடைக்காது. நம் விசேட வைத்திய நிபுணர்களில் பெரும்பாலானோர் பகலில் அரச வைத்தியசாலையில் இருப்பவர்கள். நான்கு மணிக்குப் பிறகுதான் செனல் பண்ண, அதாவது தனியாகக் கட்டணத்துக்கு நோயாளிகளைப் பார்க்க, வருவார்கள், அதுவும் ஒரே மாலையில் இரண்டு மூன்று இடங்களுக்கு ஓடி ஓடி. ஆகவே கொழும்பில் தனியார் வைத்தியசாலை ஒன்றின் உச்ச நேரம் மாலை 4.30 முதல் 9 மணி வரை. 20 செனல் அறைகள், ஒவ்வொன்றிலும் மாலைக்கு 20 நோயாளிகள் என்றால் 400 பேர். நம் ஆட்கள் தனியாக வருவதில்லை. அம்மாவைக் காட்ட மகனும் மருமகளும் வருவார்கள், பேரப்பிள்ளையை விட்டுவர இடமில்லாமல் அவனும் வருவான். ஆயிரம் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே நேரம்தான் வார்டுக்குப் பார்வையாளர்கள் சாப்பாட்டுப் பார்சலோடு வரும் நேரம். அதே நேரம்தான் வீதியில் வாகன நெரிசல். டொக்டர் பொரளையிலிருந்து வந்துசேர அரை மணி பிந்தினால் அந்த அரை மணிக்குரிய கூட்டம் முழுவதும் உங்கள் முன்மண்டபத்தில் நிற்கும்.

பகலில் அந்த 20 அறைகளும் வெறுமையாகக் கிடக்கும். ஆகவே செனல் பகுதியைத் தனிக் கட்டடமாகப் பிரித்து ‘செனல் சென்ரர்’ என்று பெயர்ப்பலகை போடும் பழக்கத்தை நான் ஆதரிப்பதில்லை. காலையில் சத்திரசிகிச்சைக்கு முந்திய பரிசோதனை, தாய்சேய் கிளினிக், உடற்பரிசோதனைப் பொதிகள், பல், காது என்று அதே அறைகளை ஓட்டக்கூடிய மாதிரி இரத்தம் எடுக்கும் இடமும் மருந்தகமும் பக்கத்தில் இருக்கவேண்டும். மாலைக்கூட்டம் லிஃப்ட்டைத் தொடாமலே வந்து போகக்கூடிய மாடியில் அது அமையவேண்டும். உங்கள் படத்தில் செனல் அறைகள் ஐந்தாம் மாடியில் இருக்கின்றன. ஆயிரம் பேரையும் நோயாளிக் கட்டிலையும் ஒரே லிஃப்ட் வரிசையில் நிறுத்தும் திட்டம் அது.

தாதியரைப் பற்றியும் இந்தக் கட்டத்திலேயே பேசவேண்டும், ஆட்சேர்ப்புக் கட்டம் வரட்டும் என்று விடக்கூடாது. ஆறு கட்டிலுக்கு ஒரு தாதி என்று வைத்தால் 150 கட்டிலுக்கு எந்த நேரமும் 25 பேர் கடமையில் இருக்கவேண்டும். ஒரு வாரத்தில் 168 மணித்தியாலம். ஒருவர் 40 மணித்தியாலம் வேலை செய்கிறார், லீவும் சுகவீனமும் உண்டு என்றால் ஓர் இடத்தை நிரப்ப ஐந்து பேர் வேண்டும். வார்டுக்கு மட்டும் 125 தாதியர். சத்திரசிகிச்சைத் தியேட்டர், ஐசியு, ஓபிடி எல்லாம் வேறு. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை தாதியர் வெளிநாடு போய்விட்டார்கள் என்பது உங்கள் வைத்தியப் பங்காளிகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒவ்வொரு மாடியிலும் சின்னச் சின்ன வார்டாகப் பிரித்தால் இரவுக்கு ஆள் பற்றாது. 24 முதல் 30 கட்டில் கொண்ட வார்டு, நடுவில் ஒரு தாதியர் மேசை, இரவில் பாதி மூடக்கூடிய அமைப்பு என்று யோசியுங்கள். தாதியர் தங்குமிடத்துக்கு காணியிலேயே ஒரு மூலையை ஒதுக்குங்கள். இரவு கடமை முடிந்து தாதிப் பிள்ளைகள் பஸ் தேடி அலையவேண்டி வந்தால் ஆள் நிலைக்காது.

பரப்பளவுக்கு ஒரு குத்துமதிப்பு: பொது வைத்தியசாலைக்குக் கட்டில் ஒன்றுக்கு 80 முதல் 120 சதுர மீட்டர். 150 கட்டிலுக்கு 12,000 முதல் 18,000. உங்கள் ஒன்றரை ஏக்கர் 240 பேர்ச், ஏறக்குறைய 6,070 சதுர மீட்டர். பாதிக் காணியில் கட்டினால் ஒரு மாடிக்கு 3,000 சதுர மீட்டர், ஐந்தாறு மாடியில் முடிந்துவிடுகிறது. அகலமான குறைந்த மாடிகள் வைத்தியசாலைக்கு எப்போதும் நல்லது. எட்டு மாடி ஏன் வந்தது என்றால் படத்தில் உயரமாகத் தெரிவதற்கு. இன்னொன்று, அறைகளின் அளவை மட்டும் கூட்டிப் பார்த்து ‘இவ்வளவுதான்’ என்று நினைக்காதீர்கள். நடைபாதை, சுவர், குழாய்க்கூண்டு, இயந்திர அறை எல்லாம் சேர்ந்தால் அந்தக் கூட்டுத்தொகை ஒன்றரை மடங்கைத் தாண்டும், 1.8 மடங்குக்கும் போகலாம். பங்காளிகளில் மூன்று பேர் வைத்தியர்கள் என்பதால் ஒன்றைச் சொல்லிவைக்கிறேன்: ஒவ்வொருவரும் தங்கள் துறைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள், வர்த்தகர் இருவரும் மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள். அறைப்பட்டியலை வெளியாள் ஒருவர் தயாரிக்கட்டும்.

சரி, காணிக்கு வருவோம். எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான்.

மட்டக்குளி, களனி கங்கை கடலில் விழும் இடத்தில் இருக்கிறது. ஆற்றின் இரு கரையிலும் கொழும்பைக் காக்க வெள்ளத்தடுப்பு அணை, நாம் பண்ட் என்கிறோமே அது, நீளத்துக்குப் போகிறது. முதல் கேள்வி: உங்கள் காணி பண்டுக்கு நகரப் பக்கமா, ஆற்றுப் பக்கமா? இரண்டாவது: காணியின் மட்டம் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு? காணி உறுதியோடு இருக்கும் நில அளவைப் படத்தில் எல்லை இருக்கும், பேர்ச் இருக்கும், மட்டம் இருக்காது. லைசன்ஸ் உள்ள நில அளவையாளரைக் கொண்டு சமவுயரக்கோட்டுப் படம் ஒன்று எடுங்கள். நாகலகம் வீதியில் களனியின் நீர்மட்டத்தை அளக்கும் மானி இருக்கிறது. அதன் பழைய பதிவுகளை நீர்ப்பாசனத் திணைக்களத்தில் கேட்டு, உங்கள் காணியின் மட்டத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2016 மே மாதம் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் நாட்கணக்கில் தண்ணீரில் கிடந்தன. அந்த வாரத்தில் உங்கள் காணிக்கு எதிர்வீட்டில் தண்ணீர் எதுவரை வந்தது என்று அயலவரிடம் கேளுங்கள். சுவரில் கோட்டைக் காட்டுவார்கள். அந்தக் கோடு எந்த அறிக்கையிலும் கிடைக்காது. ஆற்றுவெள்ளம் ஒரு பக்கம், மழைநீர் வடியாமல் தேங்குவது இன்னொரு பக்கம். 2010 நவம்பரில் ஒரே இரவு மழையில் கொழும்பு முழுவதும் மூழ்கியது இரண்டாவது வகை.

தரைத்தளத்தை வீதியிலிருந்து ஒன்றரை மீட்டர் உயர்த்தவேண்டி வந்தது என்று வைப்போம். சக்கர நாற்காலிக்கு 12க்கு 1 சரிவு என்றால் சரிவுப் பாதை மட்டும் 18 மீட்டர், நடுவில் நிற்கும் தட்டுகளோடு இருபதைத் தாண்டும். அம்புலன்ஸ் ஏறவும் திரும்பவும் தனி இடம். உங்கள் படத்தில் முன்பக்கம் நீரூற்று இருக்கும் இடம் அப்படியே போய்விடும். இதைக் கட்டடம் வரைந்த பிறகு கண்டுபிடித்தால் முகப்பு முழுவதையும் திருப்பி வரையவேண்டும். இப்போது கண்டுபிடித்தால் ஒரு பென்சில் கோடு.

நிலக்கீழ் தளம் போட்டு அதில் வாகனத் தரிப்பிடத்தோடு ஜெனரேட்டரையும் தண்ணீர்ப் பம்பையும் இறக்கும் யோசனை வந்தால் உடனே மறுத்துவிடுங்கள். 2012இல் சாண்டி புயல் அடித்தபோது நியூயோர்க்கின் பெல்வியு வைத்தியசாலையில் ஜெனரேட்டர்கள் 13ஆம் மாடியில் பத்திரமாகத்தான் இருந்தன. அவற்றுக்கு எண்ணெய் ஏற்றும் பம்புகள் நிலக்கீழ் தளத்தில் இருந்து மூழ்கிவிட்டன. ஊழியர்கள் படிக்கட்டில் வரிசையாக நின்று கையால் எண்ணெய் ஏற்றினார்கள், கடைசியில் நோயாளிகளை வெளியேற்றவேண்டி வந்தது. நம் நாட்டிலும் பாடம் உண்டு. காலி மகாமோதர மகப்பேற்று வைத்தியசாலை கடலோரத்தில் இருந்து 2004 சுனாமியில் சேதமடைந்தது. அதற்குப் பதிலாக வாக்களிக்கப்பட்ட புதிய கட்டடம் கராப்பிட்டியில் 2024இல்தான் திறக்கப்பட்டது. வைத்தியசாலைக்கு இடம் தெரிவுசெய்வதில் விட்ட பிழையைத் திருத்த எவ்வளவு காலம் எடுக்கும் என்பதற்கு வேறு கணக்கு வேண்டாம்.

வீதியைப் பற்றி. அதிகாலை மூன்று மணி. கொட்டாஞ்சேனையில் 62 வயது அம்மா ஒருவருக்கு நெஞ்சு வலி. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், ஆனால் மகன் அந்த நேரம் பக்கத்து வீட்டு த்ரீவீலைத்தான் எழுப்புவான். மழை வேறு. அந்த த்ரீவீல் உங்கள் வாசலில் எங்கே நிற்கும்? காவலாளி ‘அம்புலன்ஸ் மட்டும்’ என்று கையைக் காட்டித் திருப்பிவிடும் வாசலா? கூரை த்ரீவீலுக்கும் சேர்த்து நீண்டிருக்கிறதா? தள்ளுகட்டில் வெளியே வந்தால் தரை ஒரே மட்டமாக இருக்கிறதா, ஒரு படி தடுக்கிறதா? அங்கிருந்து ஈசிஜி எடுக்கும் இடம், அப்புறம் கத் லாப் (இருதயக் குழாய் அடைப்பைப் பார்க்கும் கூடம்), அப்புறம் இருதயப் பிரிவு. எத்தனை கதவு, எத்தனை திருப்பம், லிஃப்ட் வேண்டுமா, அந்த லிஃப்ட்டில் அப்போது குப்பை ஏற்றிக்கொண்டிருக்கிறார்களா? படத்தின் மேல் விரலை வைத்து இப்படி நாலைந்து பேரை நடத்திப் பாருங்கள்: பிரசவத்துக்கு வரும் பெண், டயலிசிஸுக்கு வாரத்தில் மூன்று தரம் வரும் முதியவர், ஒட்சிசன் பவுசர், அழுக்குத் துணி வண்டி, சமையலறைத் தட்டு. விரல்கள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில்தான் திட்டம் திருந்தவேண்டும். துறைமுகத்துக் கொள்கலன் லொறிகள் இங்குறுகடைச் சந்தியை அடைக்கும் நேரங்களையும் கவனியுங்கள். வீதி முகப்பு ஒன்றே ஒன்றுதான் என்றால், பொருள் ஏற்றி இறக்கும் வாசலை அம்புலன்ஸ் வாசலிலிருந்து எப்படியாவது பிரித்தாகவேண்டும்.

அடுக்குமுறைக்கு வந்தால், அவசர சிகிச்சை, எக்ஸ்ரே–சிடி, தியேட்டர், ஐசியு, கருவிகளைக் கிருமிநீக்கும் பிரிவு ஆகிய ஐந்தும் ஒன்றுக்கொன்று பக்கத்திலோ நேர் மேலே கீழேயோ இருக்கவேண்டும். நடுவில் ஒரு வார்டைச் செருகினால் வாழ்நாள் முழுக்கத் தள்ளுகட்டில் ஓட்டம்தான். எம்ஆர்ஐ காந்தத்துக்கு அருகில் ஓடும் வாகனமும் லிஃப்ட்டும் படத்தைக் கெடுக்கும், வாகனத் தரிப்பிடத்தின் சுவரோரம் அதை வைக்காதீர்கள். அதை உள்ளே கொண்டுவந்த வழியே ஒருநாள் வெளியே எடுக்கவும் வேண்டும். ஆகவே ஒரு சுவரைக் கழற்றக்கூடியதாக விடுவார்கள். புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை இப்போது வேண்டாம் என்கிறீர்கள், சரி. பத்து வருடத்தில் வேண்டும் என்றால் சில இடங்களில் இரண்டு மீட்டருக்கும் தடித்த கொங்கிரீட் சுவர் கொண்ட அறை வேண்டும். அதை மேல்மாடியில் பிறகு சேர்க்க முடியாது. தரையில் ஒரு மூலையை இன்றைக்கே வெறுமையாக விட்டு, படத்தில் பெயர் எழுதிவையுங்கள். அதுவரை அங்கே மரம் நடலாம்.

மாடி உயரம் 4.2 மீட்டருக்குக் குறையவேண்டாம், தியேட்டர் மாடிக்கு அதிலும் கூட. மூன்று மீட்டர் மாடி அடுக்குமாடி வீட்டுக்குச் சரி. தியேட்டருக்கு மணித்தியாலத்துக்கு 20 தரம் காற்று மாறவேண்டும், அதற்குரிய குழாய்கள் சீலிங்குக்கு மேலே போகவேண்டும். கட்டில் போகும் நடைபாதை 2.4 மீட்டர் அகலம். கட்டில் லிஃப்ட் குறைந்தது இரண்டு, ஏனென்றால் ஒன்று எப்படியும் பழுதாகும். ஒவ்வொரு மாடியையும் தீத்தடுப்புச் சுவரால் இரண்டாகப் பிரியுங்கள். தீப்பிடித்தால் ஐசியு நோயாளியைப் படிக்கட்டால் இறக்க முடியாது, அதே மாடியில் மறுபக்கத்துக்குத்தான் தள்ளவேண்டும். நீண்ட பக்கம் வடக்கையும் தெற்கையும் பார்க்கட்டும், மாலை வெயில் ஏசிக் கட்டணமாகத் திரும்பி வராது. பழைய பெரியாஸ்பத்திரி வார்டுகளின் விறாந்தையும் உயர்ந்த கூரையும் இந்த வெக்கைக்காகத்தான் வந்தவை. எல்லா வார்டுக்கும் ஏசி அவசியம் என்று யாரும் சட்டம் போடவில்லை.

வளர்ச்சி. நம் ஊரில் வீடு கட்டுபவர்கள் மொட்டைமாடியில் தூண் கம்பியை நீட்டி விட்டுவைப்பார்களே, பிறகு மாடி எழுப்பலாம் என்று. வைத்தியசாலைக்கும் அதே யோசனையைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். கீழே ஐசியு ஓடிக்கொண்டிருக்க மேலே கொங்கிரீட் போட்டுப் பாருங்கள்: சத்தம், அதிர்வு, நீர்க்கசிவு. எல்லாவற்றுக்கும் மேலாகத் தூசி. கட்டடத் தூசியில் வரும் அஸ்பஜில்லஸ் பூஞ்சை நோயெதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளிகளைக் கொன்றுவிடக்கூடியது. பக்கவாட்டில் வளர்வது மலிவு, பாதுகாப்பு. லண்டனில் 1970இல் திறந்த நோர்த்விக் பார்க் வைத்தியசாலையை வடிவமைத்த ஜோன் வீக்ஸ், வைத்தியசாலை ஒருநாளும் முடிவடையாது என்பதையே அடிப்படையாக எடுத்துக்கொண்டார். ஒரு முதன்மை நடைபாதை, அதிலிருந்து கிளைக்கும் தனித்தனிக் கட்டடங்கள், ஒவ்வொன்றின் நுனியும் நீளக்கூடியதாகத் திறந்தே விடப்பட்டது. ஒன்றரை ஏக்கரில் அவ்வளவு தாராளம் முடியாது. ஆனால் நடைபாதையின் ஒரு நுனியையாவது லிஃப்ட்டாலோ படிக்கட்டாலோ கழிப்பறையாலோ அடைக்காமல், ஒரு ஜன்னலோடு விட முடியும். இரண்டாம் கட்டம் அந்த ஜன்னலை உடைத்துக்கொண்டு போகும். முதல் கட்டத்திலேயே லிஃப்ட் கூண்டும் மின்சார அறையும் முழு 150 கட்டிலுக்கு இருக்கட்டும். இயந்திரத்தைப் பிறகு வாங்கலாம், ஓட்டையைப் பிறகு போட முடியாது. திடீர்க் கூட்டத்துக்கும் இதே தாராளம் உதவும். 2017இல் நாட்டில் 186,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளிகள் பதிவான வருடம், கட்டில் கிடைக்காமல் தரையில் படுத்தவர்களை நாம் பார்த்தோம். அறையில் ஒரு கட்டிலுக்கு இரண்டு கட்டிலுக்குரிய ஒட்சிசன் முனையும் மின்முனையும் வைப்பதற்குப் பெரிய செலவில்லை.

மின்சாரத்துக்கு 2022 மார்ச் இறுதியை நினைவில் வையுங்கள்: நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டு, டீசலுக்கும் கியூ. ஜெனரேட்டர் மட்டும் போதாது, சில நாட்களுக்கு எண்ணெய் சேமிக்க உயரமான இடமும் வேண்டும். தண்ணீருக்குக் கட்டிலுக்கு நாளொன்றுக்கு 450 லீட்டர் என்று போட்டால் 150 கட்டிலுக்கு 67,500 லீட்டர். இரண்டு நாள் சேமிப்பு 135,000 லீட்டர், எங்காவது நிற்கவேண்டும். ஒட்சிசன் தாங்கி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, கழிவுக் களஞ்சியம் மூன்றுக்கும் லொறி வரக்கூடிய பின்பக்கம் ஒன்று வேண்டும். வைத்தியசாலைக் கழிவில் ஏறக்குறைய 85 வீதம் சாதாரணக் குப்பைதான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மிச்ச 15 வீதத்தோடு கலந்துவிட்டால் அத்தனையும் ஆபத்தான மஞ்சள் பைக் கழிவாகிவிடும். ஆகவே பிரித்து வைக்கும் அறை ஒவ்வொரு மாடியிலும் வேண்டும். கடற்காற்று வேறு. கூரையில் வைக்கும் ஏசி இயந்திரங்கள் உப்பில் அரித்துப்போகும், உப்பைத் தாங்கும் பூச்சுள்ளவை வாங்கவேண்டும்.

யாரும் படத்தில் வரையாத ஓர் அறையையும் சொல்லவேண்டும். இறந்தவர் வெளியேறும் வழி. தனியார் வைத்தியசாலைகளில் இது குப்பை வாசலோடு சேர்ந்துவிடுவதை எத்தனையோ தரம் பார்க்கிறோம். வடகொழும்பில் இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்கள் கலந்து வாழ்கின்றன. முஸ்லிம் குடும்பம் அன்றைக்கே அடக்கம் செய்ய அவசரப்படும். மரண விசாரணை அதிகாரி வரும்வரை காத்திருக்கவேண்டிய குடும்பமும் இருக்கும். மலர்ச்சாலை வாகனம் பின்னோக்கி வந்து நிற்க ஒரு மறைவான இடம், இருபது பேர் நிற்கக்கூடிய சிறு கூடம், ஒரு தண்ணீர்க் குழாய், உட்கார வாங்கு. செனல் கூட்டத்தின் நடுவாக உடலைக் கொண்டுபோகாத பாதை. மொத்தம் நாற்பது ஐம்பது சதுர மீட்டர். முதல் நாளே ஒதுக்காவிட்டால் பிறகு ஒருபோதும் கிடைக்காது.

அனுமதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நகர அபிவிருத்தி அதிகார சபையிடம் பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதிக்கு இப்போதே போங்கள், முழுப் படம் தேவையில்லை. அந்த வலயத்தில் வைத்தியசாலை கட்டலாமா, எவ்வளவு பரப்பு, எத்தனை வாகனத் தரிப்பிடம், வீதிக்கோடு காணியின் முன்பக்கத்தை எவ்வளவு சாப்பிடும் என்பவை அதில் தெரியவரும். வடிகால், சதுப்புநில விஷயத்துக்குக் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம். கழிவுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபை. தீயணைப்புக்கு மாநகர சபையின் தீயணைப்புப் பிரிவு. கதிரியக்கக் கருவிகளுக்கு 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த அணுசக்தி ஒழுங்குபடுத்தல் சபை. கடைசியில் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு. இவர்கள் எல்லோரும் கடைசியில் பார்ப்பார்கள் என்று இருக்காமல், எல்லோருடைய நிபந்தனையையும் ஒரே தாளில் முதலிலேயே எழுதிவையுங்கள். ஒருவர் கேட்கும் தூரம் இன்னொருவர் கேட்கும் தரிப்பிடத்தோடு மோதும் இடங்கள் அதில்தான் தெரியும்.

வரிசை என்று கேட்டால்: மட்டப் படமும் வெள்ளப் பதிவும் மண் பரிசோதனையும் முதலில், அதோடு சமாந்தரமாக யார் வருவார்கள் என்ற ஆய்வு. அது முடிந்து அறைப்பட்டியல். பிறகு ஒரே காணியில் மூன்று வேறு அமைப்புகள், பெட்டிபெட்டியாக, முகப்பு இல்லாமல், ஒவ்வொன்றுக்கும் முதல் கட்டச் செலவும் இறுதிச் செலவும். அதில் ஒன்றைத் தெரிவுசெய்த பிறகுதான் ஆர்கிடெக்ட் நிறத்தைத் தெரிவுசெய்யலாம். மூன்றில் எதுவும் சரிவராது, காணிதான் பிழை என்று முடிவு வந்தாலும் அதுவும் முடிவுதான். காணியை விற்று வேறு வாங்குவது, தவறான இடத்தில் கட்டுவதைவிட எத்தனையோ மடங்கு மலிவு.

இந்த வேலைக்கு, வைத்தியசாலைத் திட்டமிடலில் அனுபவமுள்ள ஒருவரைத் தனியாக அமர்த்துங்கள், கட்டடத்தை வரையப்போகிறவரே செய்தாலும் ஒப்பந்தம் தனியாக இருக்கட்டும். கட்டணத்தைக் கட்டுமானச் செலவின் வீதமாகப் பேசாதீர்கள், ஒரு முழுத்தொகையாகப் பேசுங்கள். வீதமாகப் பேசினால் 60 கட்டில் போதும் என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவர் தன் சம்பளத்தைத் தானே வெட்டிக்கொள்கிறார்.